தகடுப் பிடி மடக்குக் கத்தி: முதல் தடவை வாங்குகிறவர்கள் கவனிக்க வேண்டியவை

எங்கள் தோட்டம் கோபிசெட்டிபாளையத்துக்குப் பக்கம். வாழை, தென்னை, ஒரு ஏக்கர் மஞ்சள். அரிவாள், கொத்து எல்லாம் சாளையில், அதாவது தோட்டத்து வீட்டில், தலைமுறையாக இருக்கிறது. ஆனால் சொட்டுநீர்க் குழாயை அளந்து வெட்டவும், உரச்சாக்கின் தையல் நூலைப் பிரிக்கவும், வாழைக்கு முட்டுக் கொடுத்த கயிற்றை அறுக்கவும் அரிவாளை ஓங்க முடியாது. கடையில் கிடைக்கிற பிளாஸ்டிக் கட்டரின் பிளேடு குழாயில் பாதி போனதும் படக்கென்று முறிகிறது, முறிந்த துண்டு மண்ணில் விழுந்தால் வெறுங்காலோடு நடக்கிற ஆள்களுக்கு ஆபத்து. அதனால்தான் பைக்குள் போடுகிற மாதிரி ஒரு மடக்குக் கத்தி தேடினேன். இரண்டு வருஷத்தில் நான்கு வாங்கினேன். அதில் மூன்றுக்குப் போட்ட காசு வீண். நான்காவதுதான் இன்றைக்கும் பையில் இருக்கிறது. அந்த மூன்றிலும் நான் செய்த தப்பை நீங்கள் செய்ய வேண்டாம் என்பதற்காகத்தான் இவ்வளவு விவரமாக எழுதுகிறேன்.

தகடுப் பிடி என்றால் ஒரே தகட்டை நடுவில் மடித்து, அந்த மடிப்புக்குள்ளேயே அலகு போய் உட்காருகிற மாதிரி செய்த பிடி. இரும்புத் தகடாக இருக்கலாம், பித்தளையாகவும் இருக்கலாம். மரமோ கொம்போ பிளாஸ்டிக்கோ பக்கத்தில் ஒட்டியிருக்காது. அதனால் மழைக்காலத்தில் ஊதி அலகைப் பிடித்துக்கொள்ளாது, விழுந்தால் விரியாது, சட்டைப் பையில் பேனா மாதிரி தட்டையாகக் கிடக்கும். செய்வதும் சுலபம் என்பதால் விலை குறைவு. விலை குறைவு என்பதாலேயே மோசமாகச் செய்ததும் நிறையக் கிடைக்கிறது. சிக்கல் அங்கேதான்.

1. முதலில் என்ன வேலைக்கு என்று முடிவு செய்யுங்கள்

கடைக்குப் போவதற்கு முன்னால் ஒரு வாரம் நீங்கள் எதையெல்லாம் வெட்டுகிறீர்கள் என்று கவனியுங்கள். நூல், சணல், அட்டைப்பெட்டி, சொட்டுநீர்க் குழாய், மாங்காய், இளநீரின் வழுக்கை, பென்சில் என்று இருந்தால் இந்தக் கத்தி சரியான கத்தி. திருப்பூரில் பனியன் கம்பெனியில் பண்டல் பிரிக்கிறவர்களுக்கும், ஈரோட்டு மஞ்சள் மண்டியில் சாக்குப் பிரிக்கிறவர்களுக்கும் இது கச்சிதம். இளநீர் சீவ, தேங்காய் மட்டை உரிக்க, கிளை கழிக்க, டப்பா மூடியை நெம்பித் திறக்க என்றால் வாங்காதீர்கள். நெம்பினால் அலகைப் பிடியோடு சேர்க்கிற ஆணி தளரும், அதோடு கத்தியின் ஆயுசு முடிந்தது. என் முதல் கத்தி போனது பெயின்ட் டப்பாவை நெம்பித்தான்.

2. அளவும் சட்டமும்

இதைப் பற்றி ஊரில் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். விஷயம் இவ்வளவுதான்: 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் கீழ் வந்த விதிகளில், அலகு 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கத்திகள் ஆயுத வகையில் வருகின்றன. வீட்டு வேலை, விவசாயம், அறிவியல், தொழில் ஆகியவற்றுக்காகச் செய்தவை அதிலும் விலக்கு. நாம் பேசுகிற கத்தியின் அலகு 7 முதல் 10 சென்டிமீட்டர்தான், அதாவது 3 அல்லது 4 அங்குலம். எல்லைக்குப் பக்கத்தில் கூட வராது.

அதற்காக எங்கே வேண்டுமானாலும் கொண்டுபோகலாம் என்று அர்த்தமில்லை. சட்டம் ஒரு பக்கம், வழியில் நிறுத்திக் கேட்கிற காவலரின் பார்வை ஒரு பக்கம். பட்டனை அமுக்கினால் சட்டென்று விரிகிற கத்தியை வாங்கவே வாங்காதீர்கள். பார்த்தவுடனே அது சண்டைக்கு வாங்கியது என்றுதான் யாரும் நினைப்பார்கள், தோட்டத்து வேலைக்கு அதனால் பிரயோசனமும் இல்லை. கறுப்புப் பெயின்ட், மண்டை ஓடு படம், ரம்பப்பல் முதுகு போட்ட கத்திகளும் அப்படியே. நகத்தால் இழுத்துத் திறக்கிற சாதாரணக் கத்தி போதும். வாங்கினதும் பில்லைப் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், யாராவது கேட்டால் எந்தக் கடையில் எதற்கு வாங்கியது என்று சொல்ல அது உதவும்.

3. மூன்று வகை இருக்கிறது, முதலில் எது

தகடுப் பிடியில் அலகை விரித்து நிறுத்துவதற்கு மூன்று வழி இருக்கிறது.

ஒன்று, வெறும் பிடிமானம். வில்லும் இல்லை, பூட்டும் இல்லை. ஆணியின் இறுக்கத்தில் அலகு நிற்கும், அலகின் அடியில் ஒரு வால் நீட்டிக்கொண்டிருக்கும், வெட்டும்போது அதைக் கட்டைவிரலால் அமுக்கிப் பிடிக்க வேண்டும். ஜப்பானில் மிக்கி ஊரில் செய்கிற ஹிகோனோகாமி இந்த வகை. வாய், அதாவது அலகின் வெட்டுகிற ஓரம், நேராக இருப்பதால் தட்டையான கல்லில் தீட்டப் புதியவர்களுக்கு இதுதான் லேசு.

இரண்டாவது வகையில் முதுகுப் பக்கம் ஒரு வில் பட்டை உண்டு. அலகு விரிந்ததும் வில் அதைத் தாங்கும், ஆனால் பூட்டாது. பிரான்சில் தியேர் ஊரில் செய்கிற டூக்-டூக் இப்படித்தான். அதன் வில் நல்ல இறுக்கம், நகத்தால் இழுக்கும்போது நகம் வலிக்கும்.

மூன்றாவது முதுகுப் பூட்டு. விரிந்ததும் டக்கென்று பூட்டிக்கொள்ளும், முதுகில் இருக்கிற சின்ன நெம்பியை அமுக்கினால்தான் மடங்கும். ஜெர்மனியில் சோலிங்கனில் செய்கிற மெர்கேட்டர் கே55கே, பிடியில் பாய்கிற பூனை படம் போட்டது, இந்த வகையில் பெயர் போனது. அந்த நெம்பி கொஞ்சம் துருத்திக்கொண்டிருக்கும், ஆகவே கையை முஷ்டியாக இறுக்கிப் பிடித்தால் தெரியாமலே அமுங்க வாய்ப்புண்டு. பிடிக்கும்போது உள்ளங்கை அதில் படாமல் கொஞ்சம் முன்னால் தள்ளிப் பிடியுங்கள்.

என் அபிப்பிராயத்தில் புதியவருக்கு மூன்றாவதுதான் நல்லது, வயல் வேலை செய்கிறவருக்கு ரொம்பவே. முதல் இரண்டு வகையிலும் அலகைக் கீழ்நோக்கி அமுக்கி வெட்டுகிற வரைக்கும் பயமில்லை. ஆனால் குத்தித் துளை போடப் பார்த்தாலோ, குழாய்க்குள் மாட்டிக்கொண்ட அலகைப் பின்பக்கம் இழுத்தாலோ அது மடங்கி நேராக விரல்மேல் வரும். என் ஆள்காட்டி விரலில் நான்கு தையல் அப்படித்தான் விழுந்தது. அன்றைக்கு நான் சாக்கில் குத்தித் துளை போட்டுக்கொண்டிருந்தேன்.

4. கடையில் வாங்கும்போது பார்க்க வேண்டியது

ஹார்டுவேர் கடை, பாத்திரக் கடை, புளியம்பட்டி மாதிரி வாரச் சந்தையில் இரும்புச் சாமான் விரித்திருக்கிறவர்கள், கோவையில் உக்கடம் பக்கம் பழைய இரும்புக் கடைகள் என்று தேடினால் 150 ரூபாய் முதல் 400 ரூபாய்க்குள் தகடுப் பிடிக் கத்தி கிடைக்கும். நான் கொடுத்த விலைகள் அவை. ஆன்லைனிலும் இருக்கிறது, ஆனால் முதல் கத்தியைக் கையில் எடுத்துப் பார்த்துத்தான் வாங்க வேண்டும் என்பேன், ஏனென்றால் கீழே சொல்கிற எதையும் படத்தில் பார்க்க முடியாது. பகல் வெளிச்சத்தில் போங்கள். ஒரு துண்டு பனியன் துணியும் சின்ன காந்தமும் கையோடு இருக்கட்டும்.

முதலில் காந்தம். "காந்தம் ஒட்டாதுங்க, சுத்தமான ஸ்டெயின்லெஸ், துருவே பிடிக்காது" என்று கடைக்காரர் பெருமையாகச் சொல்வார். அவர் சொல்வது நிஜமாக இருந்தால் அதை வாங்காதீர்கள். காந்தம் ஒட்டாத ஸ்டெயின்லெஸ் டம்ளர், தட்டுச் செய்கிற வகை. அதைக் காய்ச்சித் தோய்த்துக் கடினமாக்க முடியாது, ஆகவே கூர் நிற்காது. கத்திக்கு ஏற்ற எஃகு, துருப்பிடிக்கிறதோ பிடிக்காததோ, இரண்டிலும் காந்தம் ஒட்டும். அதே சமயம் ஒட்டிவிட்டால் நல்ல கத்தி என்றும் சொல்ல முடியாது, சாதாரண மெத்து இரும்பிலும்தான் ஒட்டும். காந்தத்தால் ஒதுக்க வேண்டியதை ஒதுக்கலாம், அவ்வளவே. நான் இரண்டாவதாக வாங்கினது காந்தம் ஒட்டாத கத்தி. காலையில் தீட்டினால் மத்தியானத்துக்குள் மொக்கை.

அடுத்து பிடியைப் பாருங்கள். அலகை மூடி, பிடியின் இரண்டு பக்கத்தையும் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் அழுத்துங்கள். தகடு உள்ளே அமுங்கினால் தகடு மெல்லிசு, கீழே வைத்துவிடுங்கள். பிறகு பிடியின் திறந்த பக்கத்தை மேலே காட்டி, கண்ணுக்கு நேராக வைத்து, மூடின அலகு இரண்டு தகட்டுக்கும் நடுவில் இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு பக்கம் உரசிக்கொண்டிருந்தால் நாளாக ஆக அந்தப் பக்கத்துக் கூர் தேயும். இதில் சின்னக் கோணல் இருந்தால் வீட்டில் சரிசெய்யலாம், பெரிய கோணல் வேண்டாம்.

பனியன் துணியைத் தகட்டு ஓரத்தில் மெதுவாக ஓட்டுங்கள். நூல் மாட்டினால் ஓரம் சீவாமல் விட்டிருக்கிறார்கள். இது ஒன்றை வைத்து ஒதுக்க வேண்டியதில்லை, அரம் போட்டுச் சரிசெய்துகொள்ளலாம், ஆனால் விலை பேசும்போது சொல்லுங்கள்.

அலகை விரித்துவிட்டு நுனியைப் பிடித்து இடவலமாக ஆட்டுங்கள். தலைமுடி அளவு ஆட்டம் இருக்கலாம், கண்ணுக்குத் தெரிகிற ஆட்டம் கூடாது. மேலும் கீழுமாக ஆடினால் வில்லோ பூட்டோ சரியாக உட்காரவில்லை, அதைச் சரிசெய்ய நம்மால் ஆகாது. பூட்டு உள்ள கத்தி என்றால், மடங்கும் வழியில் விரல் எதுவும் இல்லாமல் பிடித்துக்கொண்டு, அலகின் முதுகைக் கடையின் மரப் பலகையில் லேசாக இரண்டு தட்டுத் தட்டுங்கள். பூட்டு விலகினால் அது பூட்டே இல்லை.

கடைசியாக, மெதுவாக மூடுங்கள். மூடி முடிகிற இடத்தில் டிங் என்று ஒரு சத்தம் கேட்டால், அலகின் வாய் தகட்டு மடிப்பின் உட்பக்கத்தில் போய் இடிக்கிறது. திறந்து பார்த்தால் வாயில் ஒரே இடத்தில் ஒரு நசுங்கல் தெரியும். மலிவுக் கத்திகளில் இது ரொம்ப சகஜம். இதற்கு மருந்து ஏழாவது படியில் சொல்கிறேன்.

5. வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால்

மெர்கேட்டரோ டூக்-டூக்கோதான் வேண்டும் என்றால் அங்கிருந்து தபாலில் வரவழைக்கலாம். நான் 2023-இல் மெர்கேட்டரை வரவழைத்தேன். காசும் நாளும் எங்கே போகிறது என்று தெரியாமல் ஆர்டர் போட்டதுதான் நான் செய்த தப்பு.

கத்தி 34 யூரோ, தபால் 18 யூரோ. நம்முடைய பணத்தில் கிட்டத்தட்ட 4,700 ரூபாய். சுங்க வரியைக் கத்தியின் விலைக்கு மட்டும் போடுவார்கள் என்று கணக்குப் போட்டிருந்தேன். அப்படி இல்லை, விலையோடு தபால் கட்டணத்தையும் சேர்த்த தொகைக்குத்தான் வரி. அடிப்படைச் சுங்கம், அதன்மேல் கூடுதல் வரி, எல்லாம் சேர்ந்த தொகைமேல் ஜிஎஸ்டி என்று ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி, எனக்கு அந்தத் தொகையில் முக்கால் பங்குக்குக் கிட்டே வரி விழுந்தது. ஆகமொத்தம் 8,000 ரூபாயைத் தாண்டிவிட்டது. வரி விகிதம் பட்ஜெட்டில் மாறக்கூடியது, அதனால் நீங்கள் ஆர்டர் போடுகிற அன்றைக்கு என்ன விகிதம் என்று பார்த்துக்கொண்டு, விலையும் தபாலும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

"கிஃப்ட்னு எழுதி அனுப்பச் சொல்லு, வரி வராது" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். முன்பு 5,000 ரூபாய் வரைக்கும் அப்படி ஒரு சலுகை இருந்தது, 2019 டிசம்பரிலேயே அதை எடுத்துவிட்டார்கள். இப்போது உயிர் காக்கும் மருந்தும் ராக்கியும் போன்ற சிலது தவிர, கிஃப்ட் என்று சொல்லி வரி கட்டாமல் தபாலிலோ கூரியரிலோ இறக்குமதி செய்வது தடை. அப்படி எழுதி வந்த பார்சல் மாட்டிக்கொண்டால் மீட்பது பெரும்பாடு.

கையில் தயாராக வைத்திருக்க வேண்டிய ஆவணங்கள்: விற்றவர் கொடுத்த பில், நீங்கள் பணம் கட்டினதற்கான வங்கி அல்லது கார்டு ஆதாரம், ஆதார் அல்லது பான் நகல், விற்பனைப் பக்கத்தில் அலகின் நீளம் தெரிகிற மாதிரி ஒரு படம். நான்காவதை யாரும் சொல்ல மாட்டார்கள், ஆனால் எனக்கு அதுதான் கைகொடுத்தது. பார்சல் சுங்கத்தில் நின்று, ஆவணம் கேட்டுக் கடிதம் வந்தபோது என்னிடம் பில் இல்லை, மெயிலில் வந்த ஆர்டர் எண் மட்டும்தான் இருந்தது. விற்றவருக்கு எழுதி, அவர் பதில் போட்டு, அதை நான் அனுப்பி, அந்த ஒன்றிலேயே மூன்று வாரம் போய்விட்டது. ஆர்டர் போட்டதிலிருந்து கைக்கு வர மொத்தம் 47 நாள்.

விற்பவரிடம் முன்கூட்டியே இரண்டு விஷயம் கேட்டுக்கொள்ளுங்கள். பில்லைப் பெட்டியின் வெளியே பிளாஸ்டிக் உறையில் ஒட்ட வேண்டும், உள்ளே மட்டும் வைத்தால் போதாது. சுங்கச் சீட்டில் பொருளின் பெயரை உள்ளபடி, மடக்குக் கத்தி, அலகு 9 சென்டிமீட்டர், தோட்ட வேலைக்கு என்று எழுத வேண்டும். சும்மா பரிசுப் பொருள், உலோகச் சாமான் என்று எழுதினால் பிரித்துப் பார்ப்பவருக்குச் சந்தேகம்தான் வரும். தபாலில் வந்தால் வரியைத் தபால்காரரே வீட்டு வாசலில் வாங்கிக்கொண்டு ரசீது தருவார், அன்றைக்குச் சில்லறையோடு வீட்டில் யாராவது இருக்க வேண்டும். கூரியர் சீக்கிரம் வரும், ஆனால் கையாளும் கட்டணம் என்று தனியாக ஒன்று சேரும். டிசம்பர் மாதம் அங்கே கிறிஸ்துமஸ் நெரிசல், அப்போது ஆர்டர் போடாதீர்கள்.

இவ்வளவுக்கும் பிறகு அந்தக் கத்தி பிரயோசனப்பட்டதா என்றால், பட்டது. பையில் இருக்கிற நான்காவது கத்தி அதுதான். ஆனால் முதல் கத்தியாக அதை வாங்காதீர்கள் என்றுதான் இன்றைக்கும் சொல்வேன். 300 ரூபாய்க் கத்தியில் தீட்டக் கற்றுக்கொண்டு, ஒரு வருஷம் அது போதவில்லை என்று தோன்றினால் அப்புறம் இந்தப் பக்கம் வாருங்கள்.

6. ஆசாரியிடம் செய்து வாங்குவது

இதையும் செய்து பார்த்தேன். லாரியின் பழைய வில் பட்டையில் அலகு அடித்துத் தரச் சொல்லி எங்கள் பக்கத்துப் பட்டறையில் கேட்டேன். "ஏனுங் தம்பி, இத்துனூண்டு கத்திக்கு எதுக்குங் பட்டை? அடிச்சு மெல்லிசாக்கறதுக்குள்ள பொழுது போயிருமுங். மிஷின் ஹாக்ஸா பிளேடு பழசு கிடைச்சாக் கொண்டாங்" என்றார். நான் கேட்காமல் பட்டையையே கொடுத்தேன். வந்த அலகு அரிவாள் மாதிரி தடிமனாக இருந்தது, குழாயை வெட்டவில்லை, பிளந்தது. மூன்றாவது கத்திக்குப் போட்ட 350 ரூபாய் அப்படிப் போனது, தப்பு அவருடையது இல்லை. நீங்கள் போனால் அவர் சொன்னபடி பழைய மெஷின் ஹாக்ஸா பிளேடு, அதாவது இரும்பு அறுக்கிற மிஷினில் போடுகிற ரம்பப் பிளேடு, கொண்டுபோங்கள், பிடிக்கான தகட்டை லேத் பட்டறையில் மடித்து வாங்கிக்கொள்ளுங்கள். அளவுக்கு ஒரு அட்டையில் கத்தியை வரைந்து வெட்டி எடுத்துப்போவது முக்கியம், வாய் வார்த்தையில் அளவு சொன்னால் சரியாக வராது. தை அறுவடைச் சமயத்தில் பட்டறைகளில் அரிவாள் வேலை குவிந்திருக்கும், அந்த மாதம் தவிர்த்து மற்ற நாளில் கொடுத்தால் ஒரு வாரத்தில் ஆகிவிடும்.

7. கைக்கு வந்ததும், கூர் போடுவதற்கு முன்னால்

புதுக் கத்தியின் மடிப்புக்குள் எண்ணெய்ப் பிசுக்கும் அராவின இரும்புத் தூளும் இருக்கும். வெந்நீரில் பாத்திரம் தேய்க்கிற சோப்பைக் கரைத்து, பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் உள்ளே தேய்த்துக் கழுவி, துடைத்து, வெயிலில் அரை மணி நேரம் திறந்த நிலையில் வையுங்கள். ஆணிக்கு ஒரு சொட்டுத் தையல் மிஷின் எண்ணெய்.

தகட்டு ஓரம் சொரசொரப்பாக இருந்தால் சின்ன அரத்தால் 45 டிகிரி சாய்வில் நான்கு இழுப்பு, பிறகு 400 நம்பர் வாட்டர் பேப்பரால் தேய்த்து வழவழப்பாக்குங்கள். அலகுக்கு முதலில் பேப்பர் சுற்றி டேப் போட்டுக்கொள்ளுங்கள்.

அலகு இடவலமாக ஆடினால்: கெட்டியான இரும்புமேல் ஆணியின் ஒரு தலையை வைத்து, மறு தலையைச் சின்னச் சுத்தியலால் லேசாகத் தட்டுங்கள். மூன்று தட்டு, திறந்து மூடிப் பாருங்கள், மறுபடி மூன்று தட்டு. ஓங்கி ஒரே அடியாக அடித்தால் இறுகிப்போய் அலகு அசையாது. அப்படி இறுகிவிட்டால் எண்ணெய் விட்டு நூறு தடவை திறந்து மூடினால் கொஞ்சம் இளகும். தகடே விரிந்திருந்தால் இரண்டு பக்கமும் மரத்துண்டு வைத்து வைஸில் மெதுவாக இறுக்கலாம். இப்படிச் சரிசெய்துகொள்ள முடிவது தகடுப் பிடியில் இருக்கிற பெரிய வசதி, மரப் பிடியை இப்படி நசுக்க முடியாது.

டிங் என்று இடிக்கிற கத்திக்கு: பிடியின் உள்ளே, அலகின் அடிப்பாகம், அதாவது கூர் இல்லாத பகுதி, வந்து உட்காருகிற இடத்தில் செருப்புத் தைக்கிறவரிடம் வாங்கின சின்னத் தோல் துண்டை அரால்டைட் போட்டு ஒட்டுங்கள். ஒரு ராத்திரி காய வேண்டும். அலகு அந்தத் தோலில் நின்றுகொள்ளும், வாய் தகட்டைத் தொடாது.

8. கூர் போடுவது

தெருவில் சாணை பிடிக்கிறவரிடம் இந்தக் கத்தியைக் கொடுக்காதீர்கள். அரிவாளுக்கும் அரிவாள்மணைக்கும் அவர் வேலை சரி. ஆனால் இந்த அலகு மெல்லிசு, தண்ணீர் இல்லாமல் சுற்றுகிற சாணையில் வைத்தால் நொடியில் சூடேறி வாய் ஓரமாக நீலம் பாயும். நீலம் பாய்ந்த இடத்தில் பதம் போய்விட்டது என்று அர்த்தம், அதற்கப்புறம் எவ்வளவு தீட்டினாலும் அந்த இடம் நிற்காது.

ஹார்டுவேர் கடையில் இரண்டு பக்கம் கொண்ட கார்போரண்டம் கல் கேளுங்கள், ஒரு பக்கம் சொரசொரப்பு, மறுபக்கம் நைசு. எனக்கு 250 ரூபாய் ஆயிற்று. கல்லின்கீழ் ஈரத்துணி விரித்தால் நகராது. தண்ணீர் விட்டுத் தீட்டலாம், எண்ணெயும் விடலாம், ஆனால் ஒரு தடவை எண்ணெய் விட்ட கல்லுக்கு எப்போதும் எண்ணெய்தான்.

சாய்வுதான் எல்லோருக்கும் பிடிபடாத விஷயம். அலகின் அகலம் 2 சென்டிமீட்டர் என்றால், வாய் கல்லில் பட்டபடி முதுகு கல்லிலிருந்து 5 மில்லிமீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும், அது 15 டிகிரி. குழாய், அட்டை மாதிரி முரட்டு வேலை அதிகம் என்றால் 7 மில்லிமீட்டர், அது 20 டிகிரி. அந்த உயரத்துக்குச் சில்லறைக் காசுகளை அடுக்கி முதுகின்கீழ் வைத்துப் பாருங்கள், கையில் அந்தச் சாய்வு பதிந்ததும் காசை எடுத்துவிடலாம். வாயில் ஸ்கெட்ச் பேனாவால் மை பூசிவிட்டு இரண்டு இழுப்பு இழுத்தால், மை எங்கே போயிருக்கிறது என்பதை வைத்துச் சாய்வு சரியா என்று தெரியும். மை மேலே மட்டும் போயிருந்தால் முதுகைக் கொஞ்சம் தூக்குங்கள், வாய் ஓரத்தில் மட்டும் போயிருந்தால் தாழ்த்துங்கள்.

சொரசொரப்புப் பக்கத்தில் ஒரே பக்கமாகத் தீட்டிக்கொண்டே இருங்கள், மறுபக்கத்து வாயில் விரலைக் குறுக்காக வைத்துத் தடவினால் (நீளவாக்கில் தடவக் கூடாது) மெல்லிய பிசிறு தட்டுப்பட வேண்டும். அடியிலிருந்து நுனி வரைக்கும் பிசிறு வந்தால்தான் அந்தப் பக்கம் முடிந்தது. நிறையப் பேர் பிசிறு வருவதற்கு முன்பே பக்கம் மாற்றிவிட்டு, கத்தி சரியில்லை என்று சொல்கிறார்கள். பிறகு மறுபக்கம், பிறகு நைசுப் பக்கத்தில் இரண்டு பக்கமும் மாற்றி மாற்றி, அழுத்தம் குறைத்துக்கொண்டே. கடைசியில் பழைய தோல் பெல்ட்டின் உட்புறத்தில், வாயைப் பின்னால் வைத்து முதுகு முன்னே போகிற மாதிரி இருபது இழுப்பு. நியூஸ்பேப்பரைத் தொங்கவிட்டு வெட்டினால் கிழியாமல் இறங்க வேண்டும்.

முதல் தடவை எனக்கு இரண்டு மணி நேரம் ஆனது. இப்போது பதினைந்து நாளுக்கு ஒரு தடவை, பத்து நிமிஷம்.

9. துருவும் கறையும்

துருப்பிடிக்காத எஃகு அலகானால் துடைத்து வைத்தாலே போதும். கார்பன் எஃகு, அதுதான் சீக்கிரம் கூர் ஏறுகிற எஃகு, வாழைக்கறையும் மாங்காயும் எலுமிச்சையும் பட்டால் ஒரு மணி நேரத்தில் கறுத்துவிடும். சாம்பல், நீலம், கறுப்பு என்று படிகிற அந்த நிறத்தைத் தேய்த்து எடுக்க வேண்டாம், அது ஓரளவு துருவைத் தடுக்கும். சிவப்பாக, தொட்டால் விரலில் ஒட்டுகிறதுதான் துரு. அதை எண்ணெய் தொட்ட 1000 நம்பர் வாட்டர் பேப்பரால் அன்றைக்கே எடுத்துவிடுங்கள், விட்டால் குழி விழும். கறுப்பு ஏறாத புது அலகில் பழம் நறுக்கினால் இரும்பு வாசம் வரும், ஒரு மாதத்தில் போய்விடும்.

அலகுக்குத் தேங்காய் எண்ணெய் பூசுங்கள், சாப்பிடுகிற பொருளை வெட்டினாலும் பயமில்லை. ஆனால் ஆணிக்கு அதை விடாதீர்கள். 24 டிகிரிக்குக் கீழே தேங்காய் எண்ணெய் உறைய ஆரம்பிக்கும், மார்கழிக் காலையில் எங்கள் பக்கம் அதைவிடக் குளிர். விடியக்காலை தோட்டத்தில் கத்தி திறக்கவே மாட்டேன் என்கிறது என்று ஒரு வாரம் ஆணியைப் பழி சொல்லிக்கொண்டிருந்தேன், காரணம் உறைந்த எண்ணெய். ஆணிக்குத் தையல் மிஷின் எண்ணெய்தான்.

பித்தளைப் பிடி பச்சை படிந்தால் குத்துவிளக்கு மாதிரி புளி போட்டுத் தேய்க்கலாம். புளித் தண்ணீர் அலகைக் கடிக்கும், ஆகவே உடனே கழுவி, ஈரம் போகத் துடைத்து, எண்ணெய் போட்டுவிடுங்கள்.

மடிப்புக்குள் சேருகிற மண், நார், சணல் தூசி ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். துரு வெளியே தெரிவதற்கு முன்னால் உள்ளேதான் ஆரம்பிக்கும். வாரம் ஒரு தடவை தென்னங்குச்சியால் உள்ளே சுரண்டிவிட்டு, தலைகீழாகத் தட்டுங்கள்.

10. கூடவே எடுத்துப் போகும்போது

தோட்டத்தில், பட்டறையில், மண்டியில் பையில் இருக்கட்டும். கோவைக்கோ ஈரோட்டுக்கோ கலெக்டர் ஆபீஸ், கோர்ட், மால் என்று சோதனைக் கருவி வைத்திருக்கிற இடத்துக்குப் போகிற அன்றைக்கு வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். விமானத்தில் கைப்பையில் விட மாட்டார்கள், கையில் இருந்தால் அங்கேயே போட்டுவிட்டுத்தான் ஏற வேண்டும், செக்-இன் பெட்டிக்குள் வைத்தால் போகும். தேர்தல் சோதனை நடக்கிற நாள்களிலும், திருவிழாக் கூட்டத்திலும், ராத்திரிப் பயணத்திலும் தேவையில்லாமல் வைத்திருக்காதீர்கள்.

பைக் ஓட்டும்போது பேன்ட் பையில் போட்டு உட்கார்ந்தால் தகடு வளையும், மேல் சட்டைப் பையில் போட்டால் குனியும்போது கிணற்றில் விழும். எங்கள் பக்கத்துத் தோட்டத்தில் ஒருவருக்கு அப்படி விழுந்தது, மோட்டார் இறக்க ஆள் வந்தபோதுதான் எடுத்தார்கள். பிடியின் பின்னால் வளையம் இருந்தால் ஒரு சாண் கயிறு போட்டு அரைஞாணிலோ பெல்ட்டிலோ கட்டிக்கொள்ளுங்கள். வீட்டில் பிள்ளைகள் இருந்தால் வந்ததும் கழற்றி உயரத்தில் வைக்க ஒரு இடம் வேண்டும். எங்கள் சாளையில் கதவுக்கு மேலே ஒரு ஆணி அடித்திருக்கிறேன்.